வேட்டையின்பொருட்டுக் காத்தல் அறமாமோ?

கொல்லாமை நோன்பைத் தலையாயதாகக் கொண்ட சைவ நன்மக்கள் ஆராய்ந்து தெளிய வேண்டிய வினா ஒன்று உளது. ஓர் உயிரைப் பின்னர்த் தான் கொல்லும்பொருட்டு முன்னர் ஒருவன் காப்பானாயின், அக்காப்பு அறமோ, மறமோ, இரண்டுங் கலந்ததொன்றோ என்பதே அது. ஆட்டை வளர்த்து அறுப்பான் திறத்து இவ்வையம் எழுதற்கு இடமில்லை. அவன் செய்கை எத்தன்மைத்தென்பதை யாவரும் அறிவர். காட்டையும் புல்வெளியையும் நீர்நிலையையும் உழவுக்கும் தோட்டத்துக்கும் கொடாது ஒதுக்கிவைத்து, ஆண்டு வாழும் விலங்கும் புள்ளும் மீனும் பெருகுமாறு காவலிட்டு, குறித்த பருவத்திற் குறித்த அளவே அவற்றை வேட்டையாடுவார் திறத்தே அவ்வையம் எழுகின்றது. மேனாட்டில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் விளையாட்டு வேட்டையை விலக்கிவிட்டன. ஆயினும் இன்று நாம் சரணாலயமென்றும் தேசியப் பூங்காவென்றும் போற்றும் இடங்களுட் பல, பண்டை வேட்டைக்காரர் விட்டுச்சென்றவையே. ஆதலின் இது பழங்கதையாய் ஒழிந்த வினாவன்று.

முதற்கண் செய்தியை உள்ளவாறு அறிதல் வேண்டும். மூணாற்றை அடுத்த இரவிகுளம் என்னும் மலைமேட்டினை எடுத்துக்கொள்வாம். ஆனைமுடிச் சிகரத்தை உட்கொண்ட இந்நிலம் ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பள்ளங்களிற் சோலையும் மேட்டிற் புல்லுமாய்க் கிடப்பது. 1877ஆம் ஆண்டிற் பூஞ்சாற்றுத் தலைவர் கண்ணன்தேவன் மலைகளை மன்ரோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகையாக அளித்தார். அதன்பின் அம்மலைச்சரிவுகள் படிப்படியாகத் தேயிலைத் தோட்டமாயின. இரவிகுளத்து மேட்டுப்புல்வெளியை மட்டும் தோட்டத் துரைமார் திருத்தாது விட்டனர். அருளால் விட்டாரல்லர், ஆண்டு வரையாடு மேய்ந்தது, வரையாட்டை எய்தல் அவர்க்கு விளையாட்டு. 1928ஆம் ஆண்டில் வேட்டைக்காப்புச் சங்கம் ஒன்றை நிறுவி வேட்டையை வரம்புட்படுத்தினர். முதுவர் குடியினரைக் காவலராக அமர்த்தினர். முற்றிய புல்லைப் பகுதி பகுதியாக எரித்து, மந்தை மேய்தற்கு இளம்புல் தழைக்கச் செய்தனர். 1971ஆம் ஆண்டிற் கேரள அரசு அந்நிலத்தை மீட்டுக்கொண்டது; 1975இல் அது சரணாலயமும், 1978இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமன்றி உலகில் வேறெங்கும் இயல்பாய் வாழாத வரையாடு, ஓரிடத்தே பெருந்தொகையாய் இன்று உலவுவது அங்கேதான்.

நீலகிரிச் செய்தியும் இதனோடு ஒத்தது. அங்கு 1877இல் வேட்டைச் சங்கம் ஒன்று தோன்ற, 1879இல் வேட்டை விலங்கையும் மீனையும் காத்தற்கென்றே சென்னை அரசாங்கம் தனிச்சட்டம் இயற்றிற்று. கொல்லலாகாப் பருவம் வரையறுக்கப்பட்டது. அனுமதிச் சீட்டின்றி எய்தல் குற்றமாயிற்று. இத்துணையும் நன்றெனத் தோன்றும். ஆயின் தாம் எய்தற்குரிய மானைச் செந்நாய் தின்றுவிடுமேயென்று அச்செந்நாயைக் கொன்றார்க்குப் பரிசளித்தவரும் அவரே. ஓடைகளில் இயற்கையாய் உள்ள மீன் தூண்டிலாட்டத்துக்குப் போதாதென்று, அயல்நாட்டு டிரவுட் மீனின் முட்டையைக் கொணர்ந்து அவலாஞ்சியிற் பொரிப்பித்து விட்டதும் அக்காலத்துச் செயலே. காப்பென்று சொல்லப்பட்டதன் எல்லை இவ்வளவிற்று: தமக்கு வேண்டியதைக் காத்தல், அதற்கு ஊறுசெய்வதை ஒழித்தல், இல்லாததை வருவித்தல்.

இனி இராசபுதனத்துப் பரத்பூர். அந்நகரத்து அரசர் கால்வாயானும் அணையானும் நீரைத் தாழ்நிலத்திற் றேக்கி, வாத்து வேட்டைக்கென ஒரு பெருநீர்நிலையை உண்டாக்கி வைத்தனர். கேவலாதேவ் என்பது அதன் பெயர். நடுவே எழுந்தருளியிருக்கும் சிவபெருமான் திருக்கோயிலால் அப்பெயர் வந்தது. 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அரசப் பிரதிநிதியாயிருந்த லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரு பகலில் வீழ்ந்த பறவைகள் 4,273. வேட்டைதோறும் வீழ்ந்தவற்றின் தொகையைக் கல்லில் வெட்டி அத்திருக்கோயிலருகே நாட்டியிருக்கின்றனர். அறக்கட்டளையைக் கல்லிற் பொறித்துக் கோயிலில் வைத்த நாட்டில், இதுவும் ஒரு கல்வெட்டு. அந்நீர்நிலையோ 1985 முதல் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாய் எண்ணப்படுகின்றது. வேட்டை கருதித் தேக்கியிராவிடின் அவ்விடம் மேய்ச்சற்றரையாகவோ வயலாகவோ போயிருத்தல் கூடும்; இன்று வரும் பல்லாயிரம் பறவைக்கு அங்கு இடமிராது.

இவற்றைக் கண்டு ஒருசாரார் கூறுவது: "விளைவு நன்றாயிற்று, ஆகவே செய்கையும் நன்று. சில உயிர் சாவப் பல உயிர் வாழ்ந்தன. அமெரிக்க நாட்டில் 1934 முதல் வாத்து வேட்டையாடுவார் முத்திரைவில்லை வாங்கும் பொருளாலும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிமேல் விதிக்கும் வரியாலும் அளவிறந்த நிலம் விலங்குக்கென மீட்கப்பட்டது. கொல்லாமை பேசுவார் இத்துணை நிலம் மீட்டதுண்டோ?" என்பது. இவ்வினாவின் கடைசிப் பகுதி கூரியது. அதற்குப் பின்னர் வருவாம்.

சைவருள்ளும் சிலர் இதற்குச் சாத்திரத் துணை தேடுவர். இறைவன் செய்யும் அழித்தற்றொழில் மறக்கருணையாதல்போல, மந்தை மிகாதவாறு சிலவற்றை எய்து குறைத்தலும் ஒரு மறக்கருணையாமென்பர். இஃது ஒவ்வாவுவமை. இறைவன் ஒடுக்குவது பிறந்திறந்து உழலும் உயிரின் இளைப்பொழியும்பொருட்டு. அவன் அதனாற் பெறுவதொன்றில்லை. எய்வானோ கொம்பும் தோலும் பெறுகின்றான். அவை பெறாவிடினும் எய்தேனென்னும் களிப்பைப் பெறுகின்றான். மேலும், மானும் பசு, மானை எய்வானும் பசு. ஒரு பசு மற்றொரு பசுவுக்குப் பதியின் தொழிலைத் தான் நடத்துவேனென்று புகுவது ஆணவத்தின் விளைவன்றிப் பிறிதில்லை. (விளைபயிரைக் காக்கும் உழவன் காட்டுப்பன்றியைத் தடுப்பது வேறு வழக்கு; அதனை ஈண்டு இதனொடு கலவோம்.)

இனிக் கண்ணப்பர் வரலாற்றைக் காட்டுவாரும் உளர். வேடர் ஒருவரையும் வலைஞர் ஒருவரையும் அறுபத்துமூவருள் வைத்து வணங்கும் நாம் வேட்டையை இகழ்தல் எவ்வாறென்பது அவர் கடா. இவ்விடத்துச் சிறிது தங்கி ஆராய்தல் தகும். சேக்கிழார் பெருமான் கண்ணப்பர் புராணத்துள் கன்னிவேட்டையை விரித்தோதுமிடத்து, அவ்வேடர் யானைக்கன்றுகளைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொலையிற் படுத்தாமையும், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை அலையாமையும் எடுத்துக் கூறுகின்றார். நீலகிரித் துரைமார் 1879இற் சட்டமாக்கியதன் கருத்தை, எழுநூறு ஆண்டுக்கு முன்னரே நம் ஆசிரியர் மலைவேடர் மரபாக அறிந்து பாடியிருக்கின்றார். ஆகவே வரம்புட்பட்ட வேட்டை மேனாட்டார் கொணர்ந்த புதுமையெனக் கொள்ளுதல் வேண்டா. ஆயின் அவ்வரம்பு காத்தமையாற் றிண்ணனார் நாயனாரானாரென்று சேக்கிழார் கூறிற்றிலர். அன்று வேட்டையிற் றப்பி ஓடிய பன்றியொன்றைத் தொடர்ந்தமையால் அவர் காளத்திமலைப் பக்கம் வர நேர்ந்தது. மலையைக் கண்டபின் அவரிடத்து வேட்டையில்லை. முதற்கன்னிவேட்டையே கடைசி விளையாட்டு வேட்டையாயிற்று. பின்னர் அவர் விலங்கு கொன்றது பெருமானை ஊட்டும் ஒன்றே நினைந்து. ஊனைத் தாமுண்ணவும் மறந்தார். அவ்வன்பு நமக்கு வருமாயின் அப்பொழுது நமக்கும் விதியும் விலக்கும் இல்லை. வாராத வரையில் அவரைக் காட்டி ஊனுண்ணல் கூடாது.

அதிபத்த நாயனார் செயலோ இன்னும் தெளிவாக நம் வினாவுக்கு விடை கூறுவது. நாகையிற் கடல்மேற் சென்று வலைவீசும் அவர், படும் மீனுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவந்தார். நாளும் ஒரு மீனே பட்ட காலத்தும் அவ்வொன்றையே விட்டுப் பசித்திருந்தார். வலைஞர் தொழிலை அவர் விடவில்லை. அத்தொழிலுள்ளேயே விடுதல் என்பதொன்றை வைத்தார். வேட்டைக்காப்பு நிலத்தாரும் விடுகின்றனரே எனின், அவர் விடுவது அடுத்த ஆண்டிற் றாம் கொள்ளுதற்கு. நாயனார் விட்ட மீனைத் தமதென்று பின்னர் எண்ணினாரில்லை.

இனிச் சித்தாந்த நிலையில் நின்று முடிவு காண்பாம். உயிர்கள் பல, ஒவ்வொன்றும் அநாதி, ஒவ்வொன்றற்கும் தன் வினையும் தன் பக்குவமும் தனித்தனி. ஆதலின் இனம் பெருகிற்றென்னும் கணக்கு, எய்யப்பட்ட ஓர் உயிர்க்கு ஈடாகாது. வரையாட்டினம் என்பதற்கு ஓர் உயிரில்லை. குண்டுபட்டு வீழ்ந்த அவ்வொரு கடாவுக்கு உண்டு. ஆயிரம் ஆடு மலைமேல் மேயினும் அதனுடைய வலியை அவை பங்கிட்டுக்கொள்ளா. இஃதொருபுறம். மற்றொருபுறம், உயிர் தன் வினைக்கேற்ற உடம்பிற் புகுந்தே நுகர்ச்சியைக் கழித்தல் வேண்டும். எண்பத்துநான்கு நூறாயிர யோனிபேதம் என்பவற்றுள் வரையாடும் ஒன்று. அவ்வுடம்பு நிலைத்தற்குப் புல்லும் பாறையும் பனியும் வேண்டும். அம்மேட்டைத் தேயிலைக்குக் கொடாது காத்தவன், தான் அறியாமலே, உயிர்கள் வந்து தங்கும் ஒரு வீட்டைக் காத்தானாகின்றான். இதனை இல்லையென்பது நேர்மையன்று.

அற்றேல் அவன் செய்தது எத்தகைய வினை? நல்வினையும் தீவினையும் தனித்தனியே நின்று தத்தம் பயனை ஊட்டுமன்றி, ஒன்று மற்றொன்றை உண்டு கழியாதென்பது நம் சாத்திரத் துணிபு. ஆகவே நிலங்காத்தல் என்னும் பசுபுண்ணியம் ஒரு கணக்கு; எய்தல் என்னும் தீவினை ஒரு கணக்கு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழித்துக்கொள்ளுதல் வாணிகர் ஐந்தொகையிற் செல்லும், வினையிற் செல்லாது. நூறு உயிர்க்கு இடங்கொடுத்தமையால் ஓர் உயிரைக் கொல்ல உரிமை பெற்றேனென்பான், கடன் கொடுத்தவன் கடன்பட்டவனைக் கொல்லலாமென்பான்போல்வான்.

விளைவு நன்றாயினமை பின் யாருடையதெனின், அஃது இறைவன் திருவருளினது. வண்ணான் சாணத்தையும் உவர்மண்ணையும் கொண்டே கூறையின் அழுக்கைக் கழுவுமாறுபோல, இறைவன் உயிரின் மலச்சார்பான ஆசையையே கருவியாகக் கொண்டு தன் காத்தற்றொழிலை நடத்துவன். துரைமாரின் வேட்டையாசை வரையாட்டுக்கு வேலியாயிற்று. அவ்வாசையையுடைய உயிரும் அதன்வழியே பக்குவப்படுதல் உண்டு. ஒரு விலங்கை எய்தற்கு அதன் நடையும் மேய்ச்சலும் குட்டி வளர்க்கும் முறையும் அறிதல் வேண்டும். அறிய அறியச் சிலர்க்கு எய்யும் மனம் எழாதொழிகின்றது. ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்று பெயர்பெற்ற ஜிம் கார்பெட் பிற்காலத்தில் நிழற்படம் எடுப்பதையே விரும்பினார். நீலகிரி வேட்டைச் சங்கமும் பின்னாளில் வேட்டையென்னும் சொல்லைத் தன் பெயரினின்று நீக்கி வனவுயிர்ச் சங்கமாயிற்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று நாம் கூறுவதற்கு இவை சான்றாம்.

இதுகாறும் வேட்டைக்காரரை நிறுத்தி வினவினேம். மேலே ஒதுக்கிவைத்த கூரிய வினாவுக்கு இனி விடை கூறல் வேண்டும். அது நம்மை நோக்கியது. இரவிகுளத்தைச் சுற்றிய சரிவுகளிலும் நீலகிரி மேட்டிலும் வரையாடு அருகியதற்குத் துப்பாக்கி மட்டுமா காரணம்? தேயிலையும், சீகை மரமும், தைலமரமும் நட்டுப் புல்வெளியை மூடியதும் பெருங்காரணம். நட்டார் கையில் இரத்தமில்லை. நாடோறும் காலையில் தேநீர் பருகும் நம் வாயிலும் ஊனில்லை. ஆயினும் மேய இடமின்றி மாய்ந்த உயிர்கள் மாய்ந்தனவே. ஒருவன் கடாவை எய்து மந்தைக்கு நிலம் விடுகின்றான். மற்றொருவன் எய்யாது நிலத்தைக் கொள்ளுகின்றான். முன்னவன் கணக்கை இரண்டாகப் பிரித்த நாம், பின்னவன் கணக்கையும் அவ்வாறே பிரித்தல் வேண்டும். கொல்லாமை என்னும் நல்வினை ஒரு கணக்கு. வாழிடம் பறித்தல் மற்றொன்று. நான் புலாலுண்ணேனென்பது இரண்டாவதைக் கழியாது. கொல்லாமையை உண்கலத்தளவில் நிறுத்தி, உயிரோம்பலை ஏட்டில் விட்டுவைத்தல் சைவவுலகிற் பெருகிவிட்டதென்பது எம் கருத்து. மான்தோலிலும் புலித்தோலிலும் இருந்து கொல்லாமையை உபதேசித்த காலமும் இருந்தது. சட்டம் வந்தபின் அவ்வாசனங்கள் அரியவாயின.

நிலங்காத்தல் அறிவின்றிச் செய்தற்கும் உரியதன்று. பரத்பூரில் 1982ஆம் ஆண்டில் எருமை மேய்ச்சலைத் திடீரென விலக்கினர். தலைமுறைதோறும் மேய்த்துவந்த ஊரார் எதிர்த்தெழ, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எருமை புகாமையாற் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிற்று. பறவைக்கு இடம் சுருங்கிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, மேய்ச்சல் அந்நீர்நிலைக்குத் துணையே என்றனர். ஊராரைப் பகைத்துப் புள்ளைக் காத்தல் நிலையாது.

ஊரார் காத்தற்குச் சான்று நம் தொண்டை நாட்டிலேயே உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் வந்து கூடுகட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இடும் எச்சம் ஏரிநீரை உரமாக்குகின்றது. அந்நீர் பாயும் வயல் செழிக்கின்றது. இதனையறிந்த ஊரார், பறவையை எய்யவந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் காவலுரிமை பெற்றனர். இவரும் பயன் கருதியே காத்தனர். ஆயினும் அப்பயன் பறவையின் சாவால் வருவதன்று, வாழ்வால் வருவது. வேட்டைக்காப்புக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. பாண்டிநாட்டு வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியார் தீபாவளியன்றும் வெடி கொளுத்துவதில்லை. ஏரிப்பறவை அஞ்சுமென்பது காரணம். இவர்க்கு அதனால் வரும் ஊதியம் யாதென்று கேட்டறிய வேண்டுவதில்லை.

நம் ஆதீனங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் நிலமும் குளமும் ஏரியும் உண்டு. அவற்றுட் சிலவற்றில் மீன்பாசி குத்தகைக்கு விடும் வழக்கமும் உண்டு. மீனைத் தொடாத திருமடம் மீன் பிடித்த பணத்தை வரவு வைத்தல் எங்ஙனம் பொருந்துமென்று முன்னோரும் வினவியிருத்தல் வேண்டும். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மீனில்லாமைக்குத் திருவிளையாடற் புராணம் கூறும் காரணத்தை அன்பர் அறிவர்: அங்குத் தவமிருந்து முத்திபெற்ற நாரை, தன் இனத்தார் அங்கு மீனுண்டு பாவமெய்தாவண்ணம் மீனே அங்கு இல்லாதொழிக என வரம் வேண்டிற்று. தான் விட்டது போதாதென்று, பிறர்க்கும் வழி செய்தது அந்நாரை. எல்லாக் குளத்தையும் அவ்வாறாக்குதல் இயலாது. அதனை நம்பி வாழும் வலைஞர் குடியும் உண்டு. ஆயினும் பல ஏரியுடைய மடம், ஒன்றில் மட்டும் குத்தகையை நிறுத்தி, நீர்க்கடம்பும் கருவேலும் உள்ளே வளரவிட்டு, வரத்துக்கால் தூர்வாரிப் புள்ளுக்கு விடலாம். நீரும் எச்சவுரமும் கீழுள்ள குடிகளின் வயலுக்கே சேரும். குத்தகைப் பணம் குறையுமேயெனின், குறையும். எவ்வேரியில் இது கூடும், எதிற் கூடாது என்பதை அவ்வவ்வூர் நீர்வரத்தும் பாசனக் கணக்கும் அறிந்த மடத்துக் காரியஸ்தர்களே கூற வல்லர். அவருள் யாரேனும் இதுபற்றி எழுதுவாராயின் படித்து மகிழ்வேம்.